போனவர் தலையில்

பால் பண்ணையின் மிஷின் ரூமில் அவரை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தவரில்லை, கோர்ட் வாசலை மிதித்தவரும் இல்லை. பாலைக் குளிர்விக்கும் கம்ப்ரஸர், கொதிகலன், பம்ப் எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஃபோர்மன், அவ்வளவுதான். ஆனால் எந்த மிஷின் நின்றாலும், மறுநாள் காலை மேனேஜர் அறையில் கூடும் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தன் ஆட்களில் ஒருவருக்கும் வேலை போகாதபடி அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டு வந்ததால் கிடைத்த பட்டம் அது.

மிஷின் நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். மாற்ற வேண்டிய ஃபில்டரை ஆபீஸ் வாங்கித் தந்திருக்காது. கிரீஸ் வைக்க வேண்டிய ஆளை லாரியில் பால் பெட்டி ஏற்ற அனுப்பியிருப்பார்கள். பராமரிப்புக்கு என்று ஒதுக்கிய நாளில் 'இன்னிக்கு மட்டும் ஓடட்டும்' என்று மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கும். ஆனால் 'ஏன் நின்றது' என்று புறப்படும் கேள்வி மேனேஜர் அறையின் வாசலைத் தாண்டும்போதே 'யாரால் நின்றது' என்று ஆகிவிடும். ஏன் என்று கேட்டால் ஆபீசும் பதில் சொல்ல வேண்டிவரும். யார் என்று கேட்டால் ஒரு தலை போதும்.

அந்தத் தலைக்கு மிஷின் ரூமில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். போனவர் தலையில் போட்டுவிடுவது. ரிட்டையர் ஆனவர், வேறு வேலை கிடைத்துப் போனவர், யாரானாலும் சரி, கடைசியாக வாசலைத் தாண்டிய ஆள்தான் அடுத்த ஆள் கிளம்பும்வரை எல்லாத் தப்புக்கும் சொந்தக்காரர். வால்வு ஒழுகினால் அவர் போட்ட வாஷர். மோட்டார் எரிந்தால் அவர் கட்டின காயில். போனவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, இருப்பவன் பிழைத்துக்கொள்வான். பிரிவு உபசாரத்தில் மாலை போடும்போதே, "இனிமே எல்லாப் பழியும் உங்க தலையிலதான் அண்ணே" என்று காதில் சொல்லிவிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார்.

ரிட்டையரான ஒரு வெல்டர், மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒருநாள் பண்ணைக்கு வந்தார். மேனேஜர் அவரை கேட்டிலேயே பிடித்துக்கொண்டு, "நீங்க பண்ணி வச்சுட்டுப் போன வேலையால எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டார். வெல்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கைகட்டி நின்று, "தப்புதான் சார், இனிமே ரிட்டையர் ஆக மாட்டேன்" என்றார். அன்றைக்கு மிஷின் ரூமில் கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதிகமாகச் சிரித்தவர் பிரேக். வக்கீலின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கம்ப்ரஸர் ஆப்பரேட்டர். சத்தத்தில் லேசாக ஒரு மாற்றம் தெரிந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால்தான் பிரேக். "நிக்கிற மிஷின் உன்கிட்ட ஏதோ சொல்லுதுடா, வாயைப் பொத்தாதே" என்பார். ஆபீசுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். அவர் நிறுத்துவார், வக்கீல் போய் வாதாடுவார். மாமன் மச்சான் இருவரும் சேர்ந்து பண்ணையை நடத்துகிறார்களா, நிறுத்துகிறார்களா என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள்.

வக்கீலுக்குப் பெண் கொடுத்ததும் அவர்தான். வக்கீல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போல்ட்டை இறுக்கும் கையை ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். மரை தேயாமல், அளவு தெரிந்து நிறுத்தினானாம். "அளவு தெரிஞ்சவன், என் தங்கச்சிகிட்டயும் அளவோட நடந்துப்பான்" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். ஜாதகமும் இல்லை, பேரமும் இல்லை. ஒரு போல்ட்டில் முடிந்த கல்யாணம் என்று வக்கீலின் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"நான் போனா எல்லாத்தையும் என் தலையில கட்டிடு மாப்பிள்ளை. என் தலை பெருசு, தாங்கும்" என்று பிரேக் பல தடவை சொல்லியிருக்கிறார். ரிட்டையர் ஆவதை நினைத்துச் சொன்னது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காபி போட்டு எழுப்பப் போன மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

துக்கத்துக்கு மேனேஜரே வந்தார். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பது பண்ணையின் விதி. "பாக்கெட் போடற பிரிவுல இடம் இருக்கு. தலைமை ஆபீஸ்ல கையெழுத்து ஆனதும் கூப்பிடறோம்மா" என்றார். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஒரே பெண் காலேஜில் சேர்ந்திருந்தாள். வாடகை வீடு. பிரேக்கின் மனைவி, வக்கீல் வீட்டாருக்கு அண்ணி, அடுப்படியைத் தவிர வேறு உலகம் பார்க்காதவள். ஆனாலும் கொஞ்ச நாளில் தேறிக்கொண்டு, "எந்த ஷிஃப்ட்ல போடுவாங்க அண்ணா? ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுப் போகலாமா?" என்று வக்கீலிடம் கேட்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும் நினைப்புதான் அவளைத் தினம் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தது.

பிரேக்கின் இடத்துக்கு ஒரு புது ஆப்பரேட்டர் வந்தார். புதுசு என்றாலும் வயசாளி. முன்பு வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிவிட்டதால் வந்தவர். காண்ட்ராக்ட் ஆள், 'போ' என்றால் போக வேண்டியதுதான். மூன்று பெண் பிள்ளைகள். கம்ப்ரஸரில் ஆயில் அழுத்தம் குறைந்தால் மிஷின் தானே நின்றுகொள்வதற்கு ஒரு கட்-அவுட் சுவிட்ச் உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டிருந்ததால் அழுத்தம் அடிக்கடி குறைந்தது, மிஷினும் அடிக்கடி நின்றது. ஃபில்டர் கேட்டு வக்கீல் எத்தனையோ தடவை ஆபீசுக்கு நடந்தாயிற்று. 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்ற பதில்தான் வந்தது. இந்தப் பக்கம் ஷிஃப்ட் ஆபீசர் புது ஆப்பரேட்டரைப் பிடித்து, "நீ வந்ததுலேர்ந்து நிக்குது, உனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார்.

பாவம், மனுஷன் என்ன செய்வார்! ஒரு துண்டு வயரை எடுத்து கட்-அவுட்டின் இரண்டு முனைகளையும் குறுக்கே இணைத்துவிட்டார். அதன்பின் மிஷின் நிற்கவே இல்லை. ஷிஃப்ட் ஆபீசர்கூட முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆயில் சுத்தமாக வற்றிப்போன அன்றும் அது நிற்கவில்லை. பேரிங் எரிந்து, ஷாஃப்ட் பிடித்துக்கொண்டு, கட்டடமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தத்தோடுதான் நின்றது. ஸ்பேர் கம்ப்ரஸரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருந்த நேரம் அது. டேங்க் டேங்க்காகப் பால் திரிந்து, சாக்கடையில் வெள்ளையாக ஓடியது.

புது ஆப்பரேட்டர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் போட்டேன் அண்ணே. சும்மா சும்மா நிக்குதுன்னு திட்டினாங்க. இந்த வயசுல என்னை யார் வேலைக்கு வச்சுப்பாங்க?"

"சரி, அழாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல். இது மாதிரி எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்ன வார்த்தை!

இந்தத் தடவை கூட்டத்துக்குத் தலைமை ஆபீசிலிருந்தே ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். பேனலைத் திறந்து பார்த்து, கருகிப்போன அந்த வயரை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். "இதை யார் போட்டது?" என்றார். ஃபில்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஷிஃப்ட் ஆபீசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற புது ஆப்பரேட்டர் வக்கீலின் முகத்தையே பார்த்தார். யோசிக்கவே இல்லை. பழகின வாய், பழகின வழியில் போய்விட்டது.

"பழைய ஆப்பரேட்டர் போட்டது சார். அவர் காலத்துலேர்ந்தே இருந்திருக்கு. எங்க கண்ணுல படல."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் என்று அவருக்கே உறைத்தது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. தலை பெருசு, தாங்கும் என்று சொன்ன மனுஷன்தானே, மேலிருந்து சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பாய்லர் ஆள், "கேஸ் ஜெயிச்சுட்டீங்க வக்கீலே" என்றார். மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனார்கள். வயரைக் குறுக்கே போட்டவனைக் கண்டால் கை ஓங்கிக்கொண்டு போகிற ஆள் பிரேக் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

இதுவரை போனவர்கள் எல்லாரும் தங்களுக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு, நல்லபடியாக வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். எவ்வளவு பழியைப் போட்டாலும் அவர்களைச் சுட்டதில்லை. செத்துப்போனவருக்குப் பண்ணையிலிருந்து இன்னும் ஒன்று வர வேண்டியிருந்தது என்பது அந்த அவசரத்தில் வக்கீலின் மூளையில் ஏறவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் சேர்ந்து ஒரே வீட்டில் போய் இறங்கின.

பெர்சனல் ஆபீசர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க மச்சான் சம்சாரத்துக்கு வேலை இல்லேன்னு வந்துடுச்சு. கவனக்குறைவா இருந்து பண்ணைக்குப் பெரிய நஷ்டம் பண்ணினவர் குடும்பத்துக்கு அந்த விதி செல்லாதாம். அவங்களை நேத்து வரச்சொல்லி விவரத்தைச் சொல்லிட்டேன். நல்ல மனுஷன்... இப்படிப் பண்ணிட்டாரே!"

வக்கீல் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். அனுமதி கேட்கக்கூடத் தோன்றவில்லை. "சார், நான் பொய் சொன்னேன். அந்த வயரை அவர் போடல" என்றார். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உட்காருங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவர்தான்னு சொன்னீங்க. இப்ப வேலை இல்லேன்னதும் அவர் இல்லேன்னு சொல்றீங்க. தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும், எனக்குப் புரியுது. ஆனா தலைமை ஆபீஸ்ல இதை எப்படிச் சொல்றது?"

"சத்தியமா சார். மிஷின் ரூம்ல யாரை வேணா கேளுங்க."

கேட்டார்கள். புது ஆப்பரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வந்தப்பவே வயர் இருந்துச்சு சார்" என்றார். புது ஆள் வந்தபின் மிஷின் அடிக்கடி நின்றதாகத் தனக்கு நினைவில்லை என்றார் ஷிஃப்ட் ஆபீசர். பாய்லர் ஆள் தனக்குத் தெரியாது என்றார். பம்ப் ஆளுக்கும் தெரியவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. இருப்பவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, போனவர் தலையில் போட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்கு இத்தனை காலம் பாடம் நடத்தியதே வக்கீல்தான். தன் வாயால் கெட்ட தவளை மாதிரி அந்த அறையின் நடுவில் நின்றார். கறந்த பால் மடி ஏறாது என்று பண்ணையில் தினம் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் மறைக்காமல் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாதிவரை கேட்கும்போது மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கை நின்றது.

"எங்கண்ணன் பேரையா சொன்னீங்க?"

"வாய் தவறிடுச்சு."

"ஓடற மிஷினைத் தொடாதேன்னு எனக்கு அஞ்சு வயசுல சொல்லிக்குடுத்தவன் அவன். வயரைப் போட்டு மிஷினைக் கொன்னவன்னு அவனைச் சொல்லியிருக்கீங்க. ஒருதடவை செத்தது பத்தாதா அவனுக்கு?" என்றாள். சத்தம் போடவில்லை. மடித்த துணியை எல்லாம் மறுபடி பிரித்து, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பார்த்தும் மடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அண்ணிகிட்ட வந்து சொல்லுங்க. வேலை கிடைக்கலேன்னா போகட்டும். அவ புருஷன் அப்படிப்பட்டவன் இல்லேன்னு அவளுக்காவது தெரியணும்" என்றாள் கடைசியாக.

மறுநாள் சாயங்காலம் இருவரும் போனார்கள். இரண்டு அறை வீடு. முன்னறையில் பிரேக்கின் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. படத்தை இறக்கி, முகம் சுவரைப் பார்க்க பீரோ பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். வக்கீலின் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தாள். வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன் அண்ணா. ஆபீஸ்ல எல்லாம் சொன்னாங்க. இவர் பண்ணிட்டுப் போன காரியத்துக்கு நீங்க அங்க அத்தனை பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னிருப்பீங்க. சொந்தக்காரர்னு உங்களையும் ஒருமாதிரி பாத்திருப்பாங்க. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

வக்கீல் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "ஐயோ, அப்படிச் சொல்லாதேம்மா" என்றார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார். புது ஆப்பரேட்டர், வயர், வராத ஃபில்டர், கூட்டம், தன் வாயிலிருந்து வந்த வார்த்தை எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாளில் அவர் இவ்வளவு நேர்மையாக எந்தக் கேஸையும் எடுத்துச் சொன்னதில்லை.

அண்ணி குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"அவர் அடிக்கடி சொல்லுவாரு. 'என் மாப்பிள்ளை பொய் சொல்லியாவது மனுஷனைக் காப்பாத்துவான், அப்படி ஒரு மனசு அவனுக்கு'ன்னு. இப்ப எனக்காக உங்க மேலயே பழியை இழுத்துப் போட்டுக்கிறீங்க. வேண்டாம் அண்ணா. அவருக்கும் வயசாச்சு. ஏதோ அசதியில போட்டிருப்பாரு. நான் மனசைத் தேத்திக்கிட்டேன்."

"பொய் இல்லம்மா! என் பிள்ளைங்க மேல சத்தியமா..."

அவள் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். "பிள்ளைங்க மேல எல்லாம் சத்தியம் பண்ணாதீங்க அண்ணா! எங்களுக்காகச் சொல்ற பொய், அதுங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுது."

உள்ளறையிலிருந்து பெண் வந்து நின்றாள். காலேஜ் பையைத் தோளிலிருந்து இன்னும் இறக்கியிருக்கவில்லை. "விடுங்க மாமா. அப்பா மேல எங்களுக்குக் கோபம் எல்லாம் இல்ல" என்றாள். அவள் அழுதிருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது.

"அவர் சொல்றது நிஜம் அண்ணி" என்றாள் வக்கீலின் மனைவி, கதவருகிலிருந்து. அண்ணி அவளிடம் போய்த் தோளை அணைத்துக்கொண்டாள். "கூடப்பிறந்தவ இல்லையா, உனக்கு அப்படித்தான் இருக்கும். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" என்று அவளையும் சேர்த்துத் தேற்றினாள். கிளம்பும்போது வழக்கம்போல வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டு நின்றாள்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வேலை விட்டுப் போகிறவர்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். வக்கீல், "நிஜத்தைச் சொன்னா ஒருத்தர்கூட நம்பலையே" என்றார்.

"நான் நம்பறேன்" என்றாள் மனைவி. சாலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "உலகத்துல உங்களை இப்ப நான் ஒருத்திதான் நம்பறேன். நம்பறதாலதான் உங்க முகத்தைப் பாக்க முடியல."

பஸ் வந்தது. அவள் முன்வாசல் வழியாக ஏறி, பெண்கள் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. வக்கீல் பின்வாசலில் ஏறி, வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.